சுராங்கனி (பாடல்)

சுராங்கனி, இலங்கையின் பைலா மரபைச் சேர்ந்த துள்ளலிசைப் பாட்டு. 1970களில் இதைத் தமிழ்நாடுவரை கொண்டுசென்றவர் ‘சிலோன் மனோகர்’ என அங்கு அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரன் (இறப்பு 2018). சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த செய்தியைச் சிங்களத்தில் சொல்லும் பல்லவிதான் பாட்டின் உயிர். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜா இதை எடுத்தாண்டார். பாடியவர்கள் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும். அங்கும் சிங்களப் பல்லவி உதிரவில்லை. ‘மாலு’ என்றால் மீன் என்று தெரியாமலே பலர் அதை முணுமுணுத்தார்கள்.

மனோகரன் பாடியதை மூலம், படத்தில் வந்ததை நகல் என்று பிரிப்பது எளிது. ஆனால் அந்தப் பிரிவு பைலாவுக்குப் பொருந்தாது. பைலாவின் பெயர் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது, தாளத்தில் போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆபிரிக்கரின் கை தெரிகிறது. அந்த ஆபிரிக்கரின் வழிவந்தோர் புத்தளத்துச் சிரம்பியடியில் இன்றும் மன்ஜா என்ற தம் பாட்டைப் பாடுகிறார்கள். 1940களில் காவல்துறைக்காரரான வொலி பஸ்தியான்ஸ் சிங்களச் சொற்களால் பைலாவைப் புதுப்பித்தார். அறிந்த மெட்டில் புதுச் சரணம் கட்டுவதே இம்மரபின் வழக்கம். அமெரிக்கக் கறுப்பரின் புளூசும் அப்படித்தான்: ஹாம்போன் வில்லி நியூபெர்ன் 1929இல் பதிவுசெய்த ‘ரோல் அண்ட் டம்பிள் புளூஸ்’ 1950இல் மடி வாட்டர்ஸிடம் ‘ரோலின் அண்ட் டம்ப்ளின்’ என வேறாகியது, 1966இல் கிரீம் குழுவிடம் மறுபடி மாறியது.

புளூஸ் துயரம், பைலா கும்மாளம், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். ஒப்பீடு உணர்ச்சியில் அல்ல, கட்டமைப்பில். திரும்பத் திரும்ப வரும் சிறு சுற்று இரண்டிலும் அடுத்தவருக்கு இடம் விடுகிறது. இன்னொரு மறுப்பு கனமானது: பொதுச்சொத்து என்ற பேச்சு படைத்தவர் கூலியை விழுங்கிவிடாதா? விழுங்கியிருக்கிறது. வில்லி டிக்சன் எழுதி 1962இல் மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டின் வரிகளை லெட் செப்பலின் குழு 1969இல் பெயர் சொல்லாமல் எடுத்தது. டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் இணக்கமானது, பின்வந்த பதிப்புகளில் அவர் பெயரும் ஏறியது. ஆகவே மெட்டைப் பொதுவாக விடலாம், பெயரை விட முடியாது. சுராங்கனியை இளையராஜா பாட்டு என்று மட்டும் குறிக்கும் தொகுப்புகள் மனோகரனையும் சேர்த்துக் குறிப்பதே முறை.