புதுவையின் நீரும் அரசின் சட்ட அலுவலரும்

நாட்டின் நீர்நிலைகளைக் காப்பவர் யார் என்று வினவினால், கரை கட்டும் பொறியாளரையும், நீரை ஆய்ந்து சொல்லும் விஞ்ஞானியையும், தீர்ப்பு வழங்கும் நீதிபதியையும் காட்டுவது உலக வழக்கம். ஆயினும் அம்மூவருக்கும் இடையே, கோப்புகளின் நடுவில் அமர்ந்து, பொறியாளரின் அபிப்பிராயத்தைச் சட்டம் தாங்கும் ஆணையாகவும், விஞ்ஞானியின் எண்களை நீதிமன்றம் ஏற்கும் சாட்சியமாகவும் ஆக்கித் தருகின்ற அரசின் சட்ட அலுவலரை நினைப்பவர் மிகச் சிலரே. அவருடைய பணியின் இயல்பையும் தர்மத்தையும், இருவேறு சட்ட மரபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆண்ட நம் புதுவையை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1819-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாளைய ஆணையால் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இம்மண்ணில் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் தலையாயதாகிய, 1804-இல் தோன்றிய சிவில் சட்டத் தொகுப்பின் 641-ஆம் பிரிவு, தன் நிலத்தில் ஊற்றுடையவன் அதனைத் தன் விருப்பப்படி ஆளலாம் என்று உரிமை வழங்கிற்று. ஆனால் 643-ஆம் பிரிவோ, நகரமாயினும் கிராமமாயினும் சிறு குடியிருப்பாயினும், அங்கு வாழும் மக்களுக்கு இன்றியமையாத நீரை அவ்வூற்று அளித்து வருமானால், அதன் போக்கை உடையவன் மாற்றலாகாது என்றும், அம்மக்கள் அவ்வுரிமையை முன்னரே எய்தியிராவிடில் அவன் ஈட்டுத்தொகை கோரலாமேயன்றி நீரை மறிக்கலாகாது என்றும் வரம்பு கட்டிற்று. எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவில், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த கால்வழியில் ஓடாத நிலத்தடி நீரை நிலமுடையவன் தன் எல்லைக்குள் வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஏற்றிருந்தது. தனி உரிமைக்கும் ஊர் நன்மைக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. சட்ட அலுவலரின் மேசைக்கு இன்று வரும் ஒவ்வொரு கோப்பிலும் அதே வினாதான் வேறு உருவில் வந்து நிற்கிறது.

மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்து நீர் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுந்த ஆயி மண்டபத்தை அறியாதார் புதுவையில் இல்லை. தன் மாளிகையை இடித்து மக்களுக்குக் குளம் வெட்டுவித்த ஆயி என்னும் பெண்மணியைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதை அம்மண்டபத்தின் பெயரில் வாழ்கிறது. தனிப்பட்டவரின் தியாகத்தால் நீர் கிடைத்த காலம் அக்கதையின் காலம். மக்கள்தொகையும் தொழிலும் பெருகிவிட்ட காலத்திலோ, தியாகத்தை நம்பி நகரம் வாழ இயலாது, விதியை நம்பியே வாழ வேண்டும்.

1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் இணைப்பு சட்டப்படி நிறைவுற்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரமும் அவ்வாண்டிலேயே இங்கு நீட்டிக்கப்பட்ட பின்னர், இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாகப் புதுவைக்கு வந்தன. அவற்றுள் நீருக்கு முதன்மையானது 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம். இதில் புதுவையின் சட்ட அலுவலர் ஒருபோதும் மறக்கலாகாத நுட்பம் ஒன்று உண்டு. யூனியன் பிரதேசங்களுக்கு மாநில வாரியம் அமைக்க அச்சட்டம் இடம் தரவில்லை. மத்திய வாரியமே அங்கு மாநில வாரியத்தின் பணிகளை ஆற்றவேண்டும், அன்றேல் தன் அதிகாரத்தைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். புதுவையில் வாரியம் இன்றி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் இருப்பதன் காரணம் இதுவே. ஆகவே, இங்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆணையும், தனக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் ஆற்றல் பெற்றிருக்க வேண்டும்; மூலம் அறியாத அதிகாரம் முதல் விசாரணையிலேயே வீழ்ந்துபடும்.

ஆணை நிலைப்பதற்கு வேண்டிய மற்றொன்று முறைமை. கழிவுநீர் மாதிரி எடுக்கும் அலுவலர், அதனை ஆய்வுக்கு அனுப்பும் எண்ணத்தை ஆலையினருக்கு அறிவித்து, அவர்கள் முன்னிலையில் இரு பகுதியாக்கி, ஒவ்வொன்றையும் முத்திரையிட்டு, இருதரப்பும் கையொப்பமிட்ட பின்னரே ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும் என்று 21-ஆம் பிரிவு விதிக்கிறது. ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வழிவகுக்கும் 33-ஏ பிரிவின்படி கட்டளை இடுவதற்கு முன்னர், எதிர்ப்பைத் தெரிவிக்க அவகாசம் தரும் அறிவிப்பு போகவேண்டும். இவற்றை வெறும் சடங்கென்று எண்ணுவோர் உளர். ஆனால் ஆற்றைக் கெடுத்த ஆலை, தான் கெடுக்கவில்லை என்று மெய்ப்பித்து விடுதலை பெறுவதைக் காட்டிலும், கையொப்பம் விடுபட்டது, அறிவிப்பு சேரவில்லை, காரணம் கூறப்படவில்லை என்று காட்டித் தப்புவதே எளிது. நீதிமன்றத்தில் வாதாடும் நாவன்மை அன்று, அதற்குப் பல திங்கள் முன்னரே, கழிவுநீரை வெளியிட ஆலைக்கு வழங்கும் இசைவாணையின் நிபந்தனைகளை ஐயத்திற்கிடமின்றி எழுதிய எழுதுகோலே நீரைக் காக்கிறது. எதிருரைக்கான பத்திவாரிக் குறிப்புரைகளைத் துறையினர் அனுப்பும்போது, அவற்றை அப்படியே ஒட்டி அனுப்புபவர் எழுத்தர். அவற்றுள் உண்மை எது, மழுப்பல் எது என்று பிரித்தறிந்து, இல்லாததைச் சொல்ல மறுப்பவரே சட்ட அலுவலர்.

மறுக்கும் அத்திண்மை, அரசையே எதிர்கொள்ளும்போதுதான் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. ஆற்றைக் கெடுப்பது ஆலைகள் மட்டுமே அல்ல; சுத்திகரிக்காத சாக்கடையை வாய்க்காலில் விடும் உள்ளாட்சியும் அரசுத் துறையும் அதே சட்டத்துக்கு உட்பட்டவையே. துறை குற்றம் புரிந்தால் துறைத் தலைவரே குற்றவாளியாகக் கருதப்படுவார் என்று 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு கூறிற்று. முதற்கண் இமாசலப் பிரதேசம், இராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கென வந்த 2024-ஆம் ஆண்டுத் திருத்தம், சிறைத் தண்டனைகள் பலவற்றை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரையிலான அபராதங்களை வைத்து, துறைத் தலைவருக்கோ ஒரு மாத அடிப்படை ஊதியத்தை அபராதமாக்கிற்று. தண்டனை இலேசாயிற்று என்று வருந்துவதில் பொருள் உண்டெனினும், கடுமையாக எழுதப்பட்டு ஒருபோதும் விதிக்கப்படாத தண்டனையைவிட, மிதமாக எழுதப்பட்டுத் தவறாமல் விதிக்கப்படும் தண்டனை மேலானது. அது தவறாமல் விதிக்கப்படுமா என்பது, தன் சொந்த அரசின் துறைக்கு எதிராகவும் கோப்பில் நேர்மையாகக் குறிப்பெழுதும் சட்ட அலுவலர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

நிலத்தடி நீருக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துளையிட்டவுடன் தானே பொங்கி எழுந்த ஆர்ட்டீசியன் ஊற்றுகளால் பெயர்பெற்ற இப்பிரதேசம், இன்று கடலோரத்தில் அளவு மீறி இறைப்பதனால் உவர்நீர் உட்புகும் அபாயத்தை எதிர்நோக்கி நிற்கிறது. இதனை உணர்ந்தே 2002-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, அதற்கென ஓர் ஆணையமும் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு தமிழகம் தனக்கென இயற்றிய சட்டமோ 2013-இல் நீக்கப்பட்டது. எல்லை கோணலும் மாணலுமாகப் பின்னிக்கிடக்கும் இவ்விடத்தில், ஊசுடு ஏரி இரு நிர்வாகங்களிலும் பரந்து கிடக்கிறது. பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் தமிழகத்தில் தொடங்கிப் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஒரு கரையில் உரிமம் கேட்கும் சட்டமும் மறுகரையில் அதன் இன்மையும் நிலவும்போது, பூமிக்கு அடியில் கலந்து கிடக்கும் நீர் எவ்வெல்லையை அறியும்?

எல்லை தாண்டிய நீருக்காக வாதாடுவதும் இவ்வலுவலரின் கடமையே. 1990-இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம், 2007 பிப்ரவரி 5-ஆம் நாள் தன் இறுதித் தீர்ப்பில், காரைக்கால் வயல்களை உள்ளடக்கிய புதுவைக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கிற்று. 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தமிழகத்தின் பங்கை 419-இலிருந்து 404.25 ஆகக் குறைத்தபோதும், புதுவையின் 7 டி.எம்.சி.யைத் தொடவில்லை. பெரிய மாநிலங்களின் பேரொலிக்கிடையே சிறிய பிரதேசத்தின் பங்கு நிலைத்ததற்கு, ஆவணங்களைப் பொறுமையுடன் தொகுத்து வைத்தோரின் உழைப்பும் ஒரு காரணம் அன்றோ?

இவ்வளவும் ஓரிடத்தில் கூடி நிற்கும் பதவியை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? நீர்ச் சட்டத்தில் தேர்ந்தவரை அதற்கென நியமித்து, வழக்கு முடியுமுன் மாற்றாதிருத்தல் வேண்டும். ஆணைகளின் காரணங்களைப் பாகூர் உழவரும் படித்தறியும்படி தமிழிலும் வெளியிடுதல் வேண்டும். அலுவலரும் கோப்பில் மட்டும் ஏரியைக் காணாது, கரையில் நடந்து கண்டு குறிப்பெழுதுதல் வேண்டும். வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நியதியை உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டமாக ஏற்றது. ஆயினும் பாலாற்றுக் கரையில் அந்நியதி உரிய வேளையில் அலுவலகங்களிலேயே பின்பற்றப்பட்டிருப்பின், அது உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்க வேண்டியதில்லை. நீர் கெட்ட பின்னர் பெறும் தீர்ப்பு எத்துணைச் சிறந்ததாயினும், கெடுமுன் எழுதப்பட்ட ஒரு நல்ல ஆணைக்கு ஈடாகாது. அவ்வாணையை எழுதும் பணியை இளைய வழக்கறிஞர்கள் தாழ்வாகக் கருதாமல் விரும்பி ஏற்பாராக. அரசு அவர்களுக்குச் சுதந்திரமாகக் குறிப்பெழுதும் உரிமையையும், அக்குறிப்பைக் கேட்கும் பொறுமையையும் தருவதாக.