பாட்டு பதிந்து தந்த கடை

பெரம்பலூர், அரியலூர் கடைவீதிகளில் எண்பதுகளில் செழித்திருந்த கேசட் பதிவுக் கடை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டக்கூட ஆளில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் பார்க்க வளர்ந்து, ஊருக்கெல்லாம் பாட்டு கொடுத்த கடை அது. நாலு வார்த்தை சொல்லி அனுப்புவதுதான் முறை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய் வந்தவர்களின் டூ-இன்-ஒன் பெட்டிகளோடு இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் நுழைந்தது. அப்போது இரண்டு ஊரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. அதே காலத்தில் டிவியும் வந்தது. வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் ‘ஒலியும் ஒளியும்’ என்றால் தெருவே டிவி இருக்கும் வீட்டுத் திண்ணையில்தான். ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர் மாடியில் நிற்க, “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்று கீழிருந்து கத்துவதற்குள் பாட்டு பாதி முடிந்திருக்கும். மறுபடி எப்போது போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாதிப் பாட்டை முழுதாக்கிக் கொடுத்தது இந்தக் கடை.

1988இல் வந்த ‘அக்னி நட்சத்திரம்’ இதற்கு நல்ல உதாரணம். பி.சி. ஸ்ரீராம் வெளிச்சத்தை வெட்டி வெட்டி எடுத்த பாட்டு, கறுப்பு வெள்ளை டிவியில் மின்னல் அடிப்பதுபோல இருந்தது. பார்த்தவர்களுக்குக் கண் நிறைந்தது. காதுக்கு இரைச்சல்தான் மிச்சம். மோகனத்தில் சித்ரா பாடியதையும், அமிர்தவர்ஷிணியில் ஜேசுதாஸும் ஜானகியும் பாடியதையும் இளையராஜா எப்படிக் கட்டியிருக்கிறார் என்பது, கேசட் கைக்கு வந்த பிறகே பிடிபட்டது.

ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, முன்பணம் கட்டி, சொன்ன நாளில் போக வேண்டும். எப்படியும் “நாளைக்கு வாங்க” என்பார்கள். ‘அக்னி நட்சத்திரம்’ படத்தின் ஆறு பாட்டும் அறுபது நிமிட கேசட்டின் ஒரு பக்கத்தை ஏறக்குறைய அடைத்துவிடும். மறுபக்கம் நம் இஷ்டம். அங்கேதான் கடையின் மகிமை. ஒரு வீட்டில் அந்தப் பக்கம் ‘புன்னகை மன்னன்’. பக்கத்து வீட்டில் அப்பாவுக்காக டி.எம்.எஸ், இன்னொரு வீட்டில் மாலை போட்டிருந்த மாமாவுக்காக ஐயப்பன் பாட்டு. ஒரே படம்தான், ஆனால் இரண்டு வீட்டு கேசட் ஒன்றாக இருந்ததில்லை. கேட்பவரே தொகுப்பாசிரியராக இருந்த காலம் அது.

இறந்துபோனதாலேயே குறையை மறைக்க வேண்டியதில்லை. அனுமதியில்லாத பதிவுதான் இந்தக் கடைகளின் பிழைப்பு. பாட்டு போட்டவருக்கும் பாடியவருக்கும் அதிலிருந்து ஒரு பைசா போகவில்லை. டேப் தீர்ந்தால் கடைசிப் பாட்டு சரணத்தோடு நின்றுவிடும். சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி பறக்கும் அரியலூரில் பிளேயரின் ஹெட்டைத் துடைத்து மாளாது.

முதலில் சிடி வந்தது. பிறகு நூறு பாட்டுக்கு மேல் அடங்கிய எம்பி3 தட்டு. அப்புறம் செல்போன் கடையில் மெமரி கார்டில் ஏற்றித் தந்தார்கள். அதோடு கதை முடிந்தது.

இன்று ‘அக்னி நட்சத்திரம்’ படத்தின் அந்த ஆறு பாட்டும் போனில் ஒரே தட்டலில் கிடைக்கின்றன. டேப் இரைச்சலில் அமுங்கிக் கிடந்த பேஸ் கிட்டார்கூடத் தெளிவாகக் கேட்கிறது. நாற்பது வயது தாண்டியவர்கள் அதைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். ஆனால் மறுபக்கம் எந்தச் செயலியிலும் இல்லை. அந்த வரிசை உங்கள் வீட்டில் மட்டுமே இருந்தது.

பரணில் இன்னும் கேசட் கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் அட்டையை வெளியே எடுங்கள். அதில் கையால் எழுதிய பட்டியலை ஒரு படமாவது எடுத்து வையுங்கள். பாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பட்டியலை வாங்க முடியாது.