வியாகுலம் என்னும் பெயர் தாங்கிய ஆலயம்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், டொலோரஸ் வீதியில் இரண்டு ஆலயங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, சிற்ப வேலைப்பாடு மிகுந்த கோபுரங்களுடன் ஓங்கி நிற்கும் பேராலயம். மற்றது, அதன் அருகே ஒடுங்கியிருக்கும் சிறு மண்கோயில். காண வருவோரின் கண்கள் முதலில் பெரியதையே நாடும். ஆனால் அந்நகரின் பழைய வரலாறு சிறியதில்தான் குடியிருக்கிறது.

ஸ்பெயின் நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவிகள் கலிபோர்னியாவில் தொடங்கிய 21 மறைபரப்புத் தலங்களுள் இது ஆறாவது; 1776-ஆம் ஆண்டில் தோன்றியது. அசிசி நகர்ப் புனித பிரான்சிசுக்கு அர்ப்பணிக்கப்பட்டதாயினும், அருகில் ஓடிய ஓடையின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. 'டொலோரஸ்' என்றால் வேதனைகள். நாம் வியாகுல மாதா என்று அழைக்கும் அன்னையின் நினைவாக அவ்வோடைக்கு இடப்பட்ட பெயர் அது.

இன்று நாம் காணும் மண்கோயில் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. வெயிலில் உலர்த்திய பச்சைக்கற்களால் ஆன அதன் சுவர்கள் நான்கடி கனமுள்ளவை. மேல்விதானத்தில் வண்ணக் கோலங்கள் வரிவரியாக ஓடுகின்றன. அவை அம்மண்ணின் பூர்வகுடிகளான ஓலோனி மக்கள் தங்கள் கூடைகளில் பின்னிய கோலங்கள். 1906-இல் நகரையே சிதைத்த நிலநடுக்கத்தில் பக்கத்திலிருந்த செங்கல் ஆலயம் பாழாயிற்று. மண்கோயிலோ நிலைத்து நின்றது.

அதைக் கட்டியவர்கள் அந்தப் பூர்வகுடிகளே. அவர்கள் வாழ்ந்த வாழ்வு எத்தகையது? திருமுழுக்குப் பெற்றவர் அனுமதியின்றி அத்தலத்தை விட்டு நீங்க இயலாது. தப்பியோடியவர்களைப் படைவீரர்கள் பிடித்து வந்தனர், கசையடியும் உண்டு. 1795-இல் மட்டும் 200-க்கும் மேற்பட்டோர் ஓடிப்போயினர். ஏன் ஓடினீர்கள் என்று 1797-இல் அவர்களுள் சிலரிடம் விசாரித்து எழுதிய வாக்குமூலங்கள் இன்றும் உள்ளன. பசி என்றார் ஒருவர். அடி என்றார் மற்றொருவர். திபூர்சியோ என்பவர் சொன்ன காரணம் நெஞ்சை உலுக்குகிறது. தம் மனைவியும் மகளும் இறந்தபின் அவர் அழுதாராம். அழுததற்காகக் குருவானவர் ஐந்து முறை அவரைக் கசையால் அடிக்கச் செய்தாராம்.

வியாகுல அன்னையின் பெயரால் அழைக்கப்பட்ட இடத்தில், அழுவது குற்றமாயிற்று!

அது அக்காலத்து வழக்கம் என்று நாம் அமைதி கொள்ளலாகாது. பூர்வகுடிகளின் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று திருத்தந்தை மூன்றாம் பவுல் 1537-லேயே அறிவித்துவிட்டார். திருச்சபை அறியாத உண்மையன்று அது. அறிந்தும் கடைப்பிடிக்கத் தவறிய உண்மை.

கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் சலவைக்கல் சிலுவைகள் பிற்காலத்துக் குடியேறிகளின் பெயர்களைச் சொல்கின்றன. ஆனால் 1806-ஆம் ஆண்டின் தட்டம்மையும் பிற நோய்களும் கொண்டுபோன பூர்வகுடிகள் ஏறத்தாழ 5,000 பேர், பெரும்பாலும் பெயர்க்கல்லின்றி அம்மண்ணில் துயில்கின்றனர். எனினும் அவர்களின் பெயர்கள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. துறவிகள் எழுதி வைத்த திருமுழுக்குப் பதிவேடுகளில் அவை உள்ளன. அவற்றைக் கொண்டே ஓலோனி வழித்தோன்றல்கள் இன்று தம் முன்னோரைத் தேடிக் காண்கின்றனர். கட்டிவைத்த அமைப்பே காத்தும் வைத்தது என்னும் முரணை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இன்னுமொன்று. 1796-இல் மெக்சிகோவிலிருந்து வந்த மரவேலைப்பாடு பீடத்தின் பின்சுவரை மறைத்தது. அதன் பின்னே, ஓலோனிக் கைகள் தீட்டிய ஓவியம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருளில் இருந்தது. 2004-இல் நிழற்படக் கருவியை இடுக்கில் இறக்கி அதைப் படம்பிடித்தனர். அங்கே தெரிந்தவை ஊடுருவப்பட்ட இரு திரு இருதயங்கள். சிமியோன் முன்னுரைத்த வாளின் பொருளை அந்த ஓவியர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

2015 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் பொலிவியாவில், அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட குற்றங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், இத்தலங்களின் முன்னோடியான ஹூனிப்பெரோ செர்ராவைப் புனிதராக உயர்த்தினார். பூர்வகுடிகள் பலர் அதனால் மனம் நொந்தனர். இரண்டையும் ஒருசேர நினைப்பது எளிதன்று. ஆயினும் அத்தகைய ஆலயத்தில் முழந்தாளிடுவோர் கட்டடத்தை வியப்பதோடு எழுந்துவிடலாகாது. அழ அனுமதிக்கப்படாதவர்களுக்காகச் சிறிது நேரம் அழுவதும் செபமே.