குற்றாலச் சாரலும் மௌன உறைவும்: பொதிகை மரபையும் விபாசனா முகாமையும் இணைக்கும் கருத்து குறித்த மீளாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பொதிகை மலை அவலோகிதரின் இருப்பிடம் என்பது ஒரு கருத்து. விபாசனா, பிறந்த நாட்டுக்கு மீண்டு வந்த தியானமுறை என்பது மற்றொரு கருத்து. இவ்விரண்டையும் சேர்த்துத் தென்காசி, குற்றாலப் பகுதிக்கு அறுபடாத மௌனத் தியான மரபு ஒன்றைக் கற்பிக்க இயலுமா என்பதை இலக்கிய, கல்வெட்டு, பாலிநூற் சான்றுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொதியில், அவலோகிதர், மழைக்கால உறைவு, ஆரிய மௌனம், விபாசனா, தம்மபாலர்.

முன்னுரை

விபாசனா பத்து நாள் முகாமில் சேர்பவர் முதல் நாள் மாலை தொடங்கி, பத்தாம் நாள் முற்பகல் வரை வாய்திறந்து பேசுவதில்லை. சைகையும் எழுத்தும் விலக்கப்பட்டவை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பும் மணி ஒலிக்கும். முதல் மூன்று நாட்கள் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானம், நான்காம் நாள் முதல் உடலுணர்ச்சிகளைக் கவனிக்கும் விபாசனா, பத்தாம் நாள் மைத்ரி என்பது பயிற்சியின் ஒழுங்கு. ஆசிரியரிடமும் முகாம் பணியாளரிடமும் தேவை கருதிச் சில சொற்கள் பேசலாம். கட்டணம் இல்லை. முன்னர்ப் பயின்றோர் தரும் நன்கொடையிலேயே முகாம்கள் நடைபெறுகின்றன. சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள 'தம்ம சேது' இவ்வகை மையங்களுள் ஒன்று.

இம்முறையை இந்தியாவில் பரப்பிய ச. நா. கோயங்கா (1924-2013), அதனை மியன்மார் காத்து வைத்திருந்து இந்தியாவிற்குத் திருப்பித் தந்த செல்வம் என்றே கூறிவந்தார். மறுபுறம், ஷு ஹிகோசாகா 1989 இல் வெளியிட்ட தம் நூலில், பௌத்த நூல்கள் கூறும் போதலக மலை பொதிகையே என வாதிட்டார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பொதிகையில் தொடங்கி இன்றைய தியானக்கூடம் வரை ஒரு நேர்கோடு தோன்றுகிறது. அக்கோடு எவ்விடங்களில் உறுதியாக உள்ளது, எவ்விடங்களில் விருப்பத்தால் வரையப்பட்டது என்பதே ஆய்வுச் சிக்கல்.

பொதியிலும் போதலகமும்

ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த சீனப்பயணி யுவான் சுவாங், மலகூட நாட்டின் தெற்கே மலய மலையையும் அதற்குக் கிழக்கே போதலக மலையையும் குறிப்பிடுகிறார். உச்சியில் ஒரு பொய்கை, அதிலிருந்து இறங்கி மலையைச் சுற்றி ஓடிக் கடலில் கலக்கும் ஆறு, அவலோகிதரின் கல் மாளிகை என அவரது விவரிப்பு அமைகிறது. அடியவர்க்கு அவலோகிதர் சில வேளைகளில் ஈசுவர வடிவிலும் சில வேளைகளில் பாசுபதத் துறவி வடிவிலும் காட்சி தருவார் என்ற குறிப்பு கருதத்தக்கது. சைவமும் பௌத்தமும் ஒரே மலையை உரிமை கொண்டாடிய நிலையை அது காட்டுகிறது. தமிழ்ச் சான்றும் இதற்கு அரண் செய்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தில் (1063-1070) புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்கிறது. பதினோராம் நூற்றாண்டில் ஒரு தமிழ்ப் பௌத்தர் அகத்திய மரபைத் தம் சமயத்திற்குள் கொணர முயன்றிருக்கிறார் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இவை மலையின் பெயரையும் பெருமையையும் பற்றிய சான்றுகளே. அம்மலையில் துறவியர் தங்கித் தியானம் பயின்றதற்கு இவை சான்றாகா. யுவான் சுவாங் காஞ்சிக்குத் தெற்கே பயணம் செய்யவில்லை என்றும், மலகூடம் பற்றிய செய்திகளைக் கேட்டே எழுதினார் என்றும் அறிஞர் பலர் கொள்வர். 'போதி இல்' என்பதிலிருந்து பொதியில் என்னும் பெயரை வருவிப்பதும் ஏற்புடையதாக இல்லை. பொதியில் என்னும் சொல் சங்க நூல்களில் ஊர்மன்றத்தையும் குறிக்கிறது. மலைப்பெயரை மட்டும் பிரித்தெடுத்து அதற்குத் தனி வேர் தேடுவதற்கு வலுவான காரணம் வேண்டும். ஹிகோசாகாவின் இட அடையாளம் பொருந்தக்கூடியது. சொற்பிறப்பு விளக்கம் அவ்வளவு வலுவுடையதன்று.

மழைக்கால உறைவு

தங்கியிருந்து பயிலும் வழக்கத்தின் தொன்மையான வடிவம் முகாம் அன்று, மழைக்கால உறைவே. ஆடி முழுநிலவை அடுத்துத் தொடங்கி மூன்று மாதங்கள் பிக்குகள் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது விநய விதி. வட இந்தியப் பருவத்திற்கு ஏற்ப அமைந்த விதி இது. தமிழகச் சமவெளியின் பெரும்பகுதிக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவதால், இங்கு உறைவுக் காலத்தின் பெரும்பகுதி வெயிலிலேயே கழியும். செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழையும் குற்றாலம் இதற்கு விதிவிலக்கு. ஆனி முதல் ஆவணி வரை இங்குச் சாரல் வீசும். விநய நாட்காட்டியும் வானமும் ஒத்துப்போகும் மிகச் சில தமிழ் நிலங்களுள் இது ஒன்று. இப்பொருத்தம் ஆர்வத்தைத் தூண்டுகிறது. எனினும் பொருத்தம் சான்றாகிவிடாது.

குகைகளின் சான்று வேறு திசையைக் காட்டுகிறது. தென்காசி மாவட்டத்து வீரசிகாமணியில் கற்படுக்கைகள் கொண்ட இயற்கைக் குகை உள்ளது. நெல்லையை அடுத்த மறுகால்தலையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டை 1906 இல் காமியேட் கண்டறிந்தார். வெண்காசிபன் என்பவன் துறவியர்க்குக் கல் உறைவிடம் அளித்த செய்தி அதில் உள்ளது. இலங்கைக் குகைகளோடு ஒத்திருந்தமையால் தொடக்கக்காலக் கல்வெட்டறிஞர்கள் இவற்றைப் பௌத்தக் குகைகள் எனக் கருதினர். பிற்கால ஆய்வு இவற்றுள் பெரும்பாலானவற்றைச் சமணத்திற்கு உரியனவாகக் கொள்கிறது. 'பஞ்சபாண்டவர் படுக்கை' என ஊரார் வழங்கும் பெயரில் இரு சமயங்களும் மறைந்துபோயின. பொதிகையைச் சூழ்ந்த நிலத்தில் தங்கித் தவம் செய்தோர் இருந்தனர் என்பது உறுதி. அவர்களைப் பௌத்தர் என்பதற்கே சான்று மெலிவாக உள்ளது.

மௌனம் என்னும் சொல்லின் மூன்று பொருள்

குற்றாலத்தில் மௌனத்தோடு பெயரளவிலேயே பிணைந்த நிறுவனம் ஒன்று உண்டு. மௌனசுவாமி மடம் என வழங்கும் சித்தேஸ்வரி பீடமே அது. அதனை நிறுவியவர் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்த துறவி. 1943 இல் அவர் சமாதியடைந்தார். அவருடைய துறவுப் பெயரைக் காட்டிலும் மௌனசுவாமி என்ற பெயரே ஊரில் நிலைத்தது. தாயுமானவரின் ஆசிரியர் மௌனகுரு எனப்பட்டதும், திருவண்ணாமலையில் இரமணர் தொடக்க ஆண்டுகளில் பேசாதிருந்ததும் இதே மரபைச் சேர்ந்தவை. இம்மரபில் மௌனம் தனியொருவரின் நோன்பு. அது ஞானத்தின் அடையாளமாகவே போற்றப்படுகிறது.

பாலி விநயம் இத்தகைய நோன்பை ஏற்கவில்லை என்பது பலர் கவனியாத செய்தி. கோசல நாட்டில் மழைக்காலம் முழுவதும் ஒருவரோடொருவர் பேசாமல் தங்கிய பிக்குகள், தாம் இணக்கமாக வாழ்ந்ததாகப் புத்தரிடம் கூறுகின்றனர். அவரோ அது ஆடுமாடுகள் சேர்ந்து வாழ்வதைப் போன்றது எனக் கடிந்து, ஊமை நோன்பைப் பிற சமயத்தார் வழக்கம் என விலக்குகிறார். உறைவின் முடிவில் ஒருவர் குறையை மற்றவர் எடுத்துரைக்குமாறு வேண்டிக்கொள்ளும் பவாரணைச் சடங்கு அப்போதே விதிக்கப்படுகிறது. மகாவக்கம் தரும் செய்தி இது. 'ஆரிய மௌனம்' என்னும் தொடரோ சம்யுத்த நிகாயத்தில் இரண்டாம் தியான நிலையைக் குறிக்கிறது. எண்ணத்தின் தேடலும் ஆராய்தலும் அடங்கிய உள்நிலை அது. வாய் மூடியிருத்தல் அன்று.

ஆகவே நோன்பாகிய மௌனம், உள்நிலையாகிய மௌனம், முகாம் விதியாகிய மௌனம் என மூன்று வேறுபட்ட பொருள்கள் ஒரு சொல்லில் அடங்குகின்றன. இன்றைய முகாம் இரண்டாவதன் பெயரைத் தன் விதிக்குச் சூட்டிக்கொண்டது. அவ்விதி பத்து நாட்களுக்கு மட்டும் உரிய கருவி. ஆயுள் நோன்பு அன்று. பத்தாம் நாள் பேச்சு மீள்வதும் பயிற்சியின் பகுதியே. இவ்வகையில் அது விநயக் கண்டனத்திற்கு ஆளாவதில்லை எனலாம். எனினும் குற்றால மடத்து மௌனத்தையும் முகாம் மௌனத்தையும் ஒரே மரபின் இரு கிளைகளாகக் காட்டுவது சொல்லொற்றுமையால் விளைந்த மயக்கமே.

பத்து நாள் முகாமின் பிறப்பு

இல்லறத்தார் கூடித் தங்கிக் குறித்த நாளளவில் தியானம் பயில்வது மியன்மாரின் குடியேற்றக் காலத்தில் உருப்பெற்ற வழக்கம். 1885 இல் மாந்தளை ஆங்கிலேயர் வசமான பின்னர், பௌத்தத்தைக் காக்கும் பொறுப்பு பொதுமக்களுடையதும் ஆயிற்று. லேடி சயாதோ (1846-1923) இல்லறத்தார்க்கு அபிதம்மத்தையும் தியானத்தையும் கற்பித்தார். அவர் வழிவந்த சயா தெட்ஜி உழவர். அவருடைய மாணவர் ஊ பா கின் (1899-1971) அரசின் தலைமைக் கணக்காயர். ஏழு வாரம் வரை நீண்டிருந்த பயிற்சி பத்து நாளாகச் சுருங்கியது என அம்மரபினரே கூறுவர். துறவியின் காலக்கணக்கு அலுவலரின் விடுப்புக் கணக்காக மாறியதே இதன் வரலாற்றுச் சிறப்பு.

1955 இல் ஊ பா கின்னிடம் பயின்ற கோயங்கா 1969 இல் இந்தியா வந்தார். அவ்வாண்டு சூலையில் மும்பையில் முதல் முகாம் நடந்தது. அதையடுத்துச் சென்னையிலும் அதே ஆண்டில் முகாம் நடைபெற்றது. அதே பத்தாண்டில் நெவின் அரசின் நாட்டுடைமையாக்கம் மியன்மார்த் தமிழர் பல்லாயிரவரைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பியிருந்தது. கோயங்காவின் தொழில்களும் அந்நடவடிக்கையால் பறிபோயின. பர்மா அகதியர் குடியிருப்புகளும் விபாசனா முகாமும் ஒரே அரசியல் நிகழ்வின் சூழலில் தமிழகம் வந்து சேர்ந்தவை என்பதை ஆய்வாளர் போதிய அளவு கருதவில்லை.

இதற்கு முன்பே 1898 இல் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியிருந்தார். அவ்வியக்கம் சாதி இழிவை மறுத்து வரலாற்றையும் தன்மதிப்பையும் மீட்க முனைந்தது. கண்மூடி அமர்தல் அதன் மையம் அன்று. தமிழ்ப் பௌத்த மீட்சியை இன்று தியானமுகாமின் வரலாறாக மட்டும் எழுதினால் அயோத்திதாசரின் இயக்கம் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடும். நேர்கோட்டுக் கருத்தில் உள்ள உண்மையான இடர் இதுவே.

தமிழ்ப் பங்களிப்பு எங்கே?

தமிழகத்திற்கும் மியன்மார்த் தியானத்திற்கும் மெய்யான தொடர்பு மலையில் இல்லை, நூலில் உள்ளது. தியான நெறியின் பெருநூலாகிய விசுத்திமக்கத்திற்குத் தமிழகக் கரையில் இருந்ததாகக் கருதப்படும் பதரதித்தத்தைச் சேர்ந்த தம்மபாலர் பரமத்தமஞ்சூசை என்னும் உரைவிளக்கம் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் அதனை மகாசி சயாதோ (1904-1982) பர்மிய மொழியில் பெயர்த்தார். அவருடைய பயிற்சிமுறை கோயங்காவினுடையதிலிருந்து வேறானது எனினும், மியன்மாரின் தியான மறுமலர்ச்சியில் தமிழகப் பிக்கு ஒருவரின் பாலி உரை இடம்பெற்றதற்கு இது ஐயமற்ற சான்று. தம்மபாலர், உறையூர் புத்ததத்தர், சோழநாட்டுக் காசியபர் ஆகியோரின் பாலி நூல்கள் தமிழ்ச் சமய வரலாற்றின் பகுதியாக இன்னும் முறையாகப் பயிலப்படவில்லை. அவற்றிற்குத் தமிழ்ப் பெயர்ப்புகளும் ஒப்பீட்டு ஆய்வுகளும் தேவை.

தென்காசி மாவட்டத்தில் இன்று பௌத்தத்தின் கண்கூடான சின்னம் சங்கரன்கோவிலை அடுத்த வீரிருப்பில் 2020 இல் திறக்கப்பட்ட உலக அமைதிக் கோபுரம். அதனை எழுப்பிய நிப்போன்சான் மியோஹோஜி சப்பானிய மரபினது. அம்மரபின் வழிபாடு மௌனமன்று. கைப்பறையை முழக்கித் தாமரைச் சூத்திரத்தின் பெயரை உரக்க ஓதுவதே அது.