கிண்டிக் காட்டில் எழுந்த பட்டறை

சென்னை ஐ.ஐ.டி.யை ஜெர்மனியின் கொடை என்று சொல்வது வழக்கம். 1956-இல் நேரு மேற்கு ஜெர்மனி சென்றபோது அந்நாடு உதவ முன்வந்தது. 1959-இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதே ஆண்டு ஜூலை 31-இல் மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் கழகத்தைத் தொடங்கிவைத்தார். முதல் அணியில் 120 மாணவர்கள். ஜெர்மன் இயந்திரங்கள் வந்து இறங்கின என்பது உண்மைதான். ஆனால் கருவிகள் மற்ற ஐ.ஐ.டி.களுக்கும் வந்தன: பம்பாய்க்குச் சோவியத் நாட்டிலிருந்து, கான்பூருக்கு ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் வழியாக, டெல்லிக்குப் பிரிட்டனிலிருந்து. சென்னைக்கு வாய்த்தது வேறு. பேராசிரியர்களோடு பட்டறை ஃபோர்மேன்களும் வந்தார்கள்; இங்கிருந்து ஆசிரியர்கள் ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போனார்கள். வந்தவர் ஒருநாள் கிளம்பிவிடுவார் என்பதை முன்னதாகவே கணக்கில் வைத்த கூட்டுறவு அது. அக்கல்லூரி வேரூன்றியதற்கு அதையே முதற்காரணமாகக் கருதுகிறேன்.

அந்தப் பட்டறைகளில் மாணவர்களே கைவேலை கற்றார்கள். அரம் பிடிப்பதும் லேத்தில் கடைவதும் ஐ.டி.ஐ. மாணவருக்கான வேலை, பொறியாளருக்குக் கணிதமும் அறிவியலும் போதும் என்று மறுப்பவர்கள் உண்டு. மறுப்பில் வலுவும் இருக்கிறது: கான்பூர் 1963-லேயே ஐ.பி.எம். 1620 கணினியை நிறுவிவிட்டது, சென்னைக்கு ஐ.பி.எம். 370 வந்ததோ 1973-இல். ஆனால் கைவேலையைக் கீழாகப் பார்த்துப் பழகிய நாட்டில், படித்த வீட்டுப் பிள்ளைகள் பட்டறையில் நின்று இரும்பை ராவியது சிறிய மாற்றமல்ல. காகிதத்தில் சரியாக இருந்த அளவு உலோகத்தில் ஏன் பிசகுகிறது என்பதை அங்கேதான் கற்க முடியும். என் வருத்தம் வேறிடத்தில். தலைமுறைகளாக இரும்பையும் மரத்தையும் தோலையும் அறிந்த சமூகங்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஐ.ஐ.டி.களில் இட ஒதுக்கீடு 1973-இல்தான் வந்தது. கைத்திறனைப் போற்றிய கல்லூரி, அத்திறனை வைத்திருந்தவர்களை வெளியே நிறுத்தியிருந்தது.

பட்டதாரிகள் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்களே, யாருக்கு லாபம் என்ற கேள்வியும் நியாயமானதே. போனவர்கள் பலர். எனினும் ஜெர்மனியில் பயின்று திரும்பிய ஆசிரியர்கள் இங்கே துறைகளையும் ஆய்வகங்களையும் நடத்தினார்கள். ஜெர்மானியர் விலகிய பிறகும் வகுப்புகள் நிற்கவில்லை. உதவி பெற்ற அந்தக் கழகமே 2023-இல் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்திருக்கிறது. அங்கே எத்தனை கட்டடம் எழுகிறது என்பதைவிட, எத்தனை தான்சானியர்கள் ஆசிரியர்களாகிறார்கள் என்றே நான் பார்ப்பேன்.