ஊசிமுனைக் கல்லும் தோட்டத்து மக்களும்

இரத்தினபுரி மண் நீலக்கல்லுக்குப் பேர்பெற்றது. நீலமும் மாணிக்கமும் குருந்தக்கல்லின் வகைகளே. அதற்கு ஆங்கிலத்தார் வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயர் தமிழினின்று சென்றதாகும்.

அக்கல்லே இசைத்தட்டு ஊசியின் முனையாகவும் அமைந்தது. கிராமபோனின் உருக்கு ஊசியை ஒரு பக்கம் ஒலித்ததும் மாற்றவேண்டியிருந்தது. மோஸ் அளவையில் 9 கடினமுடைய நீலக்கல்லோ நெடிது உழைத்தது. எனினும் அதற்குப் பெரிதும் பயன்பட்டது சபரகமுவவில் அகழ்ந்த கல் அன்று. பிரெஞ்சு அறிஞர் வேர்னோய் 1902இல் வெளியிட்ட முறைவழிச் சுடரில் உருக்கி ஆக்கிய கல்லே ஆகும்.

1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை வெளியிட்டது. தேய்ந்த முனை அதன் நுண்பள்ளங்களைச் சிதைக்குமாதலின், 10 கடினமுடைய வைரம் மேலோங்கியது. தேய்ந்ததை அகற்றி, பழைய தண்டிலேயே புதுமுனை பொருத்தும் நுண்தொழிலும் வளர்ந்தது.

அதே 1948இல் இயற்றப்பெற்ற குடியுரிமைச் சட்டம், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் வளர்த்த தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென வகுத்தது. எஞ்சியோர் குறைதீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. கல்லுக்குப் பெயரீந்த மொழியினர், அக்கல் விளையும் மண்ணிலேயே உரிமையற்று வாழ்ந்தமை வரலாற்று மாணவர் மறத்தற்குரியதன்று.