மாருதி 800: முன்சக்கரத் தேய்மானம் அறிதல்

1983 முதல் 2014 வரை தயாரான இக்காரின் முன்பக்கத்தில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், ரேக்-பினியன் ஸ்டீயரிங் உள்ளன. வண்டி ஒருபக்கம் இழுத்தால் முதலில் டயர்க் காற்றைப் பார்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு வீணாகச் செலவழிக்கிறார்கள். பள்ளத்தில் ‘டொக்’ என்ற சத்தம் பெரும்பாலும் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், பால் ஜாயின்ட் ஆகியவற்றிலிருந்து வரும்.

முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் தெரிந்தால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும்: ஆட்டம் நின்றால் பேரிங்கும், தொடர்ந்தால் பால் ஜாயின்ட்டும் சந்தேகத்துக்குரியவை. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் அல்லது ரேக் சந்தேகத்துக்குரியது. தேய்ந்த பால் ஜாயின்ட் ஓட்டத்திலேயே கழன்று சக்கரம் மடங்கக்கூடும். அதை மாற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது. பாகங்களை மாற்றியபின் வீல் அலைன்மென்ட் அவசியம்.